பாலக்காவின் கொப்பி

காலை ஆறரை மணி. குளக்கட்டுக்குக் கீழே ஒரு தகரக் கொட்டில். வாசலில் ஏழெட்டுச் சைக்கிள்கள், ஒவ்வொன்றின் ஹாண்டிலிலும் ஒரு பால் கான். உள்ளே மேசைக்குப் பின்னால் நிற்கிற பெண் ஒவ்வொருவருடைய பாலையும் உயரமான குவளையில் ஊற்றி, பால்மானியை மிதக்கவிட்டு, கண்ணைச் சுருக்கிக் கோட்டைப் பார்த்துக் கொப்பியில் எழுதுகிறார். பெயர், எத்தனை லீற்றர், மானி காட்டிய எண். ஊரில் எல்லாருக்கும் அவர் பாலக்கா.

"இண்டைக்கு அஞ்சு லீற்றரோ தம்பி?"

"ஓமக்கா. மாடு கண்டு போட்டிட்டுது."

"ஆ, நல்லது."

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. அந்த வீட்டில் கறவையில் நிற்பவை இரண்டு மாடுகள்தான். இரண்டுக்கும் எப்போது சினை ஊசி போட்டது என்ற திகதி இதே கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. இரண்டும் கன்று போட இன்னும் நாலு மாதமாவது கிடக்கிறது. நேற்றுவரை மூன்று லீற்றர் கொண்டுவந்த வீட்டிலிருந்து இன்று ஐந்து லீற்றர் வருகிறது. தண்ணீர் கலந்திருந்தால் மானி காட்டிக்கொடுத்திருக்கும், அதுவும் இல்லை. அப்படியானால் அந்த இரண்டு லீற்றர் எந்த மாட்டின் பால்?

பாலக்கா நான் கற்பனை செய்த ஆள். ஆங்கிலத்தில் 'கோஸி மிஸ்டரி' என்று ஒரு கதைவகை உண்டு. அது இலங்கையின் வடக்கே, எங்கள் வன்னியில் நடந்தால் துப்பறிபவர் யாராக இருப்பார் என்று கொஞ்ச நாளாக யோசித்ததில் வந்து நின்றவர் இவர். அவரை விளக்க முதலில் அந்தக் கதைவகையை விளக்கவேண்டும்.

தேநீர்க் கெண்டி ஆறாமல் இருக்க மேலே ஒரு துணியுறை போடுவார்களே, அதற்கும் ஆங்கிலத்தில் 'கோஸி' என்றுதான் பெயர். கதையும் அப்படித்தான் இருக்கவேண்டும், கதகதப்பாக. ஒரு சிற்றூர். எல்லாரையும் எல்லாருக்கும் தெரியும். அங்கே ஒரு குற்றம் நடக்கிறது, பெரும்பாலும் கொலை. ஆனால் இரத்தம் கண்ணில் படாது. கண்டுபிடிப்பவர் பொலிஸ்காரர் இல்லை. நூலகம் நடத்துபவர், பேக்கரி வைத்திருப்பவர், தோட்டம் செய்யும் கிழவி, இப்படி யாராவது ஒருவர். அவருக்குத் துவக்கும் இல்லை, ஆய்வுகூடமும் இல்லை. ஊரைப் பற்றிய அறிவு மட்டும்தான் கையில். கடைசியில் உண்மை வெளிவரும், ஊர் பழையபடி தேநீர் குடிக்கப் போகும்.

அந்த 'ஊரைப் பற்றிய அறிவு'க்கு எங்கள் பக்கத்தில் நல்ல சொல் ஒன்று இருக்கிறது: விடுப்பு. தமிழ்நாட்டு நண்பர்கள் லீவு என்று நினைக்கக்கூடாது. ஒழுங்கையால் யார் போகிறார், யார் வீட்டுப் படலை எந்த நேரம் திறந்தது, சந்தைக்குப் போனவள் ஏன் வெறுங்கையோடு வந்தாள் என்று பார்த்து வைப்பதும், அதைப் பக்கத்து வேலிக்கு மேலால் சொல்வதும்தான் விடுப்பு. ஊரில் அது ஒரு வசைச்சொல். "விடுப்புப் பார்க்க வந்திட்டா" என்றால் வந்தவர் முகம் சுருங்கிவிடும். கோஸி கதை செய்வதெல்லாம் இந்த வசையைத் திறமையாக மாற்றி எழுதுவதுதான். பெண்களின், கிழவிகளின், கடைக்காரர்களின் வெட்டிப்பேச்சு என்று தள்ளிவைத்த ஒன்று அங்கே சாட்சியாகவும் தரவாகவும் ஆகிவிடுகிறது.

இந்த வகையின் தாய்வீடு இரண்டு உலகப்போர்களுக்கு இடைப்பட்ட இங்கிலாந்து. அந்தக் கதைகளை வசதியான வெள்ளைக்காரரின் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடுவது சுலபம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்வரை. முதலாம் உலகப்போரில் பிரித்தானியா ஏழு இலட்சத்துக்கு மேற்பட்ட ஆட்களை இழந்தது. இறந்தவர்களின் உடல்களை ஊருக்குக் கொண்டுவருவதில்லை என்பது அரசின் முடிவு. பலருக்கு உடலே கிடைக்கவில்லை. பெல்ஜியத்தின் ஈப்பர் நகரில் மெனின் வாயில் என்ற நினைவுச்சின்னத்தை 1927 யூலையில் திறந்தார்கள். அதில் பொறித்திருப்பவை கல்லறை தெரியாமற்போன 54,000க்கு மேற்பட்டோரின் பெயர்கள். அதே ஆண்டு டிசம்பரில், ஒரு லண்டன் சஞ்சிகையில், பின்னல் ஊசியும் கையுமாக ஒரு கிழவி முதன்முதலாக ஒரு மர்மத்தை அவிழ்த்தார். அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்பிள் அவர்தான். மிஸ் மார்பிள் வரும் முதல் நாவல் 1930இல் வந்தது.

இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறதென்று அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் வாசித்தவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். மகன் எங்கே விழுந்தான், எப்படிச் செத்தான் என்று தெரியாத வீடுகள் அவை. அந்த வீடுகளுக்குப் போன கதையில் ஒரேயொரு சாவு. உடல் முதல் அத்தியாயத்திலேயே கிடைத்துவிடுகிறது. அந்த ஒரு சாவுக்காக ஊரே நின்று யார், ஏன், எப்படி என்று கேட்கிறது. கடைசிப் பக்கத்தில் பதிலும் வருகிறது. உண்மையான கதகதப்பு அங்கேதான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. தேநீரும் கேக்கும் வெறும் அலங்காரம்.

கிறிஸ்டியைப் பற்றி இன்னொன்று. போர்க்காலத்தில் அவர் ரோர்க்கி என்ற கடலோர ஊரில் மருத்துவமனை மருந்தகத்தில் வேலை செய்தார், நஞ்சுகளைப் பற்றி அங்கேதான் படித்தார். போரிலிருந்து தப்பி சுமார் இரண்டரை இலட்சம் பெல்ஜியக்காரர்கள் பிரித்தானியாவுக்கு ஓடிவந்திருந்தார்கள், அந்த ஊருக்கும் கொஞ்சப்பேர் வந்தார்கள். கிறிஸ்டி எழுதிய முதல் நாவலின் துப்பறிபவர் ஹெர்குல் புவாரோ, பெல்ஜியத்திலிருந்து வந்த அகதி. மீசையை முறுக்கும் ஒரு கோமாளித்தனமான பணக்காரராகவே பலருக்கு அவர் ஞாபகம். முதலில் அவர் ஒரு வள்ளல் கொடுத்த வீட்டில் மற்ற அகதிகளோடு தங்கியிருந்த இடம்பெயர்ந்த ஆள். வன்னியில் இதைச் சொன்னால் யாரும் ஆச்சரியப்படமாட்டார்கள். "பிறகென்ன, எங்கட ஆள்தான்" என்பார்கள்.

நான் இந்தக் கதைகளைச் சந்தித்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளில் வன்னியில் மின்சாரம் இல்லை. பற்றரியும் சோப்பும்கூட அரசின் தடைப்பட்டியலில். ஜாம் போத்தல் விளக்கில், சலூனிலிருந்து கைமாறி வந்த தமிழ்நாட்டு மாத நாவல்களை வாசிப்போம். அரைவாசிப் புத்தகங்களுக்குக் கடைசிப் பக்கங்கள் இருக்காது, எவரோ கிழித்துக் கச்சான் சுற்றியிருப்பார். கொலைகாரன் யாரென்று தெரியாமல் நான் முடித்த கதைகள் ஒரு பெட்டி வரும். அந்த நாவல்களில் துப்பறிபவர் எப்போதும் சென்னைக்காரர், காரில் வருவார், போன் பேசுவார். குளக்கட்டில் நின்று யோசிக்கிற துப்பறிபவரை நான் கண்டதில்லை.

சரி, வன்னிக்கு வருவோம். கோஸி கதைக்குத் தேவையான 'சிறிய, மூடிய ஊர்' இங்கே இருக்கிறதா?

முதல் பார்வையில் தாராளமாக. 2012 கணக்கெடுப்பில் முல்லைத்தீவு மாவட்டம் முழுவதற்கும் சனத்தொகை சுமார் 92,000. கிளிநொச்சியில் சுமார் 1,13,000. குளத்தைச் சுற்றி வயல், வயலைச் சுற்றிக் காடு, ஒரு பள்ளிக்கூடம், ஒரு ஐயனார் கோயில், சந்தியில் இரண்டு கடை. ஆனால் தலைமுறை தலைமுறையாக ஒரே இடத்தில் இருந்து பழகிய ஆங்கிலக் கிராமம் மாதிரி இது இல்லை. கிளிநொச்சி நகரமே 1936இல் குடியேற்றத் திட்டமாகத் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் காணி போதாதவர்களை இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பிக் கொண்டுவந்து இருத்தினார்கள். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து அடிவாங்கி வந்தவர்கள் காட்டோரம் கொட்டில் போட்டார்கள். 1995 ஒக்ரோபர் கடைசியில் யாழ்ப்பாணமே எழும்பி வந்தது. இவர்கள் எல்லாருக்கும் முன்னால் இங்கே இருந்த பழைய வன்னிக் குடும்பங்களும் உண்டு. ஒரே வாய்க்காலில் நாலு வரலாறு தண்ணீர் பாய்ச்சுகிறது.

கோஸி கதையின் பழைய பலவீனம் ஒன்று இங்கே கவனிக்கவேண்டியது. ஊருக்குப் புதிதாக வந்தவன் மேல் சந்தேகத்தைத் திருப்புவது அங்கே வழமையான உத்தி. வன்னியில் யார் புதியவன்? களவு போனால் முதலில் எந்தப் பக்கத்துக் கொட்டில்களைப் பார்ப்பார்கள் என்று ஊரில் இருந்த எவருக்கும் தெரியும். நாற்பது வருடமாக இருந்தும் காணிப் பத்திரம் கையில் இல்லாத மலையகக் குடும்பங்களின் பக்கம்தான். நல்ல எழுத்தாளர் இந்தப் பார்வையையே துப்பாகப் பயன்படுத்தலாம். மோசமான எழுத்தாளர் அதற்கு உடந்தையாகிவிடுவார்.

இன்னொரு திருப்பமும் உண்டு. 2008-09இல், போரின் கடைசிக் கட்டத்தில், வன்னிச் சனம் மேற்கிலிருந்து கிழக்காக ஊர் ஊராக நகர்ந்தது. கடைசியில் மூன்று இலட்சத்துக்குக் கிட்டிய ஆட்கள் முகாம்களுக்குப் போனார்கள். அவற்றில் பெரியதான மெனிக் பாம் 2012 செப்ரெம்பரில்தான் முழுவதாக மூடப்பட்டது. அதனால் இங்குள்ளவர்களுக்கு அயலவர் என்பது பக்கத்துக் காணிக்காரர் மட்டுமல்ல. பங்கருக்குள் பக்கத்தில் இருந்தவர், முகாமில் அடுத்த கூடாரத்தில் இருந்தவர், தண்ணீர் பவுசருக்கு முன்னால் வரிசையில் நின்றவர், எல்லாரும் அயல்தான். மிஸ் மார்பிளின் முறை ஒப்புமை. இந்த ஆள் எங்கள் ஊர் மீன்காரர் மகனை ஞாபகப்படுத்துகிறான் என்று தொடங்கிக் கொலைகாரனில் கொண்டுபோய் முடிப்பார். பாலக்காவிடமும் அப்படி ஒரு களஞ்சியம் இருக்கும், ஆனால் வேறு மாதிரி. யார் கடைசிப் பிடி அரிசியைப் பங்கிட்டார், யார் பதுக்கினார், யார் இன்னொருவரின் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினார் என்று அவருக்குத் தெரியும். மனிதரை இவ்வளவு ஆழமாக அறிந்திருப்பது துப்பறிபவருக்குப் பெரிய முதல். ஆனால் அந்தப் பிடி அரிசியைப் பற்றி ஊரில் யாரும் வாய்விட்டுக் கதைப்பதில்லை, அவரும் கதைக்கமுடியாது.

ஏன் பொலிஸுக்குப் போகாமல் ஒரு பால்காரப் பெண் துப்பறியவேண்டும்? எல்லாக் கோஸி கதைக்கும் இந்தக் கேள்வி தொல்லைதான், பல கதைகள் இன்ஸ்பெக்டரை முட்டாளாக்கிச் சமாளிக்கின்றன. வன்னியில் அந்தத் தேவையே இல்லை. தமிழ் 1987இல், அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு, அரச கரும மொழியானது. என்றாலும் வன்னிப் பொலிஸ் நிலையங்களில் சிங்களம் பேசும் உத்தியோகத்தர்களே அதிகம். முறைப்பாடு எழுதும்போது ஒருவர் சொல்கிறார்: "அவையளோட எங்களுக்குக் கதை இல்லை." இதன் பொருள் பேச்சுவார்த்தை இல்லை, பகை இருக்கிறது. தமிழ் கொஞ்சம் படித்த உத்தியோகத்தர் அதைச் 'சொல்ல ஒன்றும் இல்லை' என்று எழுதிவிட்டால் வழக்கின் உயிரே போய்விட்டது. இன்ஸ்பெக்டர் நல்லவராகவும் கெட்டிக்காரராகவும் இருக்கட்டும், பரவாயில்லை. மச்சாள் என்று கூப்பிடுகிறவள் திடீரென்று பெயர் சொல்லிக் கதைத்தால் அங்கே என்ன உடைந்திருக்கிறது என்பது எந்த மொழிபெயர்ப்பிலும் வராது.

பொலிஸுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு தட்டு இருப்பதும் கதைக்கு வாய்ப்பு. கிராம அலுவலர் இருக்கிறார், முதிய ஆட்கள் இன்னும் விதானையார் என்றே சொல்வார்கள், அந்தப் பழைய பதவி 1963இல் போய்விட்டபோதிலும். கமக்காரர் அமைப்பு இருக்கிறது. சின்னத் தகராறுகளைப் பேசித் தீர்க்கிற மத்தியஸ்த சபை இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது அது. வார இறுதியில் ஏதாவது பள்ளிக்கூட வகுப்பறையில் கூடும், ஓய்வுபெற்ற அதிபர் மாதிரியானவர்கள் நடுவில் இருப்பார்கள். சின்ன வாங்கில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, கரும்பலகையில் வெள்ளிக்கிழமைக் கணக்கு அழியாமல் இருக்க, இரண்டு குடும்பம் எல்லைவேலிக் கதியாலைப் பற்றி வாதாடும் காட்சியை எந்த ஆங்கில எழுத்தாளரும் காசு கொடுத்து வாங்குவார்.

இதற்கெல்லாம் முன்னால் போகிற இடம் இன்னொன்று: மை வெளிச்சம் பார்ப்பவர். வெற்றிலையில் மை தடவி, பிள்ளையொன்றைப் பார்க்கச் சொல்லி, "வடக்குப் பக்க ஆள், கறுப்பு, உங்களுக்குத் தெரிஞ்சவன்தான்" என்பார். வன்னியில் இந்த விபரத்துக்குப் பொருந்தாத ஆளைத் தேடுவதுதான் கடினம். ஒவ்வொருவரும் தங்கள் பகையாளியை அந்த மையில் கண்டுகொண்டு திரும்புவார்கள். 1929இல் ரொனால்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர் துப்பறியும் கதைக்குப் பத்து விதி எழுதினார். தெய்வசக்தி, மாயசக்தி கூடாது என்பது அதில் ஒன்று. எழுதியவர் ஒரு கத்தோலிக்கக் குருவானவர் என்பதுதான் அழகு. அந்த விதிப்படி மைக்காரருக்குக் குற்றத்தைக் கண்டுபிடிக்கும் வேலை கிடையாது. ஆனால் யார் யாரைச் சந்தேகிக்கிறார் என்பதை அறிய அவரைவிட நல்ல இடம் ஏது?

என்ன குற்றம்? கொலை வேண்டாம் என்பது என் கட்சி. சந்தனமும் சரிகையுமாக ஒரு சவத்தை முதல் அத்தியாயத்தில் வைத்து வாசகரை மகிழ்விக்க, சாவு அபூர்வமாக இருக்கவேண்டும். இங்கே அப்படி இல்லை. நஞ்சும் இங்கே விளையாட்டுச் சாமான் இல்லை, வயல் மருந்துப் போத்தல் பல வீடுகளில் வேறு ஞாபகங்களோடு நிற்கிறது. சிறிய குற்றங்களுக்கோ பஞ்சமே இல்லை. மழை குறைந்த சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீர் எல்லாருக்கும் போதாது. யாருக்கு எத்தனை ஏக்கர் என்று கூட்டம் வைத்து முடிவெடுப்பார்கள். அந்த முடிவுக்குப் பிறகு ஒரு இரவு வாய்க்கால் பலகையை யாரோ ஒரு சாண் தூக்கிவிட்டால் அது பெரிய களவு. காட்டோரம் முதிரை வெட்டிய அடிக்கட்டை. கோயில் உண்டியல். சீட்டுக்காசு. பத்து வருடம் காணியை வைத்திருந்தால் உரிமை கேட்கலாம் என்ற ஆட்சியுரிமைச் சட்டமும் ஒரு சுரங்கம். போரால் காணிக்குப் போகமுடியாமல் இருந்தவர்களுக்காக 2016இல் அதற்கு விசேட ஏற்பாடு கொண்டுவந்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் நகர்ந்த வேலிகளுக்குள் எத்தனை கதை!

புதையலும் உண்டு. இடம்பெயரும்போது பாத்திரம், தையல் மிஷின், நகை என்று வளவுக்குள் தாட்டுவிட்டுப் போனவர்கள் ஏராளம். திரும்பி வந்தபோது சில குழிகள் ஏற்கெனவே கிண்டப்பட்டிருந்தன. அந்தக் கதைக்குத் துப்பறிபவர் பாலக்கா இல்லை, மிதிவெடி அகற்றும் வேலைக்குப் போகிற ஒரு பெண். வன்னியில் இந்த வேலையில் பெண்கள் நிறையப்பேர். நாள் முழுக்க முழங்காலில் இருந்து, சாண் சாணாக மண்ணை வாசிக்கிறவர்கள். எந்த மண் கிண்டப்படாதது, எது கிண்டி மூடியது, எத்தனை மழைக்கு முன்னால் என்று அவர்கள் கண்ணுக்குத் தெரியும். மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017இல் சேர்ந்தது, முழுவதும் அகற்றக் கெடு 2028. அந்தத் தொழிலே முடியப்போகிற ஒரு துப்பறிபவர். யாராவது எழுதுங்கள்.

நான் மாட்டுக்கே திரும்புகிறேன். வன்னியில் மாடு என்பது பட்டி. பகலில் காட்டோரமும் குளத்து அலைகரையும் மேய்ந்து, இரவில் 'காலை' என்று சொல்கிற மாட்டு அடைப்புக்கு வரும். யாருடைய மாடு என்று சொல்வது தொடையில் சுட்ட குறி. 1958ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டமும் குறியையும் உரிமைச் சீட்டையும்தான் கேட்கிறது. போர்க்காலத்தில் சனம் ஓடியபோது பட்டிகளை அவிழ்த்துவிட்டுத்தான் ஓடியது. திரும்பி வந்தபோது அவை காட்டில் கட்டாக்காலியாகத் திரிந்தன. குறியுள்ள மாட்டுக்கு ஆள் இல்லை, ஆள் உள்ள குறிக்கு மாடு இல்லை.

2014 என்று வைத்துக்கொள்ளுங்கள். சினை ஊசித் திகதியைச் சரிபார்க்க வந்ததாகச் சொல்லி பாலக்கா அந்தத் தம்பியின் வீட்டுப் படலையைத் திறக்கிறார். பின்பக்கம் மூன்றாவதாக ஒரு மாடு நிற்கிறது, காலடியில் கன்று. தொடையில் குறி 'ப'. அந்த வீட்டுக் குறியும் 'ப'தான். எல்லாம் சரி. "காட்டுக்குள்ள நிண்டது அக்கா, எங்கட பழைய மாடு. இப்பதான் வந்து சேர்ந்தது."

பிளேன்ரீ வருகிறது. குடிக்கும் மட்டும் பாலக்கா மாட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறார். 'ப' எழுத்துக்கு மூன்று கோடு. இடப்பக்க நிமிர்ந்த கோடும் அடிக்கோடும் அகன்று, வெளிறி, ஓரங்களில் மயிர் வந்து மூடிக் கிடக்கின்றன. வலப்பக்கக் கோடு ஒடுக்கம். பளபளப்பு. மயிரே இல்லை. அந்தக் கோட்டை எடுத்துவிட்டால் மிஞ்சுவது 'ட'.

'ட' யாருடைய குறி என்று ஊருக்குத் தெரியும். குளக்கட்டடியில் தனியாக இருக்கிற அம்மா ஒருவரின் மகன் 2008இல், இடம்பெயர முதல், தன் பெயரின் முதலெழுத்தைச் சுட்ட நாலைந்து நாகு கன்றுகள். மகன் 2009க்குப் பிறகு இல்லை. இல்லை என்றால், எங்கே என்று தெரியாது. குறி சுட்ட இரும்பு மட்டும் இருக்கிறது. பாத்திரங்களோடு தாட்டு வைத்ததை அம்மா திரும்பி வந்து கிண்டி எடுத்தார்.

கோஸி கதையில் எல்லாரையும் கூட்டிவைத்து உண்மையைச் சொல்லும் இடம் ஒன்று வரும். இங்கே அது பள்ளிக்கூட வகுப்பறை, ஞாயிற்றுக்கிழமை. இரும்பைக் கொண்டுவருகிறார்கள். முற்றத்தில் கட்டியிருக்கும் மாட்டின் தொடையில் வைத்துப் பார்க்கிறார்கள். பொருந்தவில்லை. இரும்பு உள்ளங்கையளவு, தழும்பு அதைவிட ஒன்றரை மடங்கு. "பாத்தீங்களோ?" என்கிறார் தம்பியின் மாமனார். பின்னால் நிற்கிறவர்கள் தலையாட்டுகிறார்கள். பாலக்கா மெதுவாகக் கேட்கிறார்: "கண்டிலை சுட்டது, மாடு வளர்ந்தா குறி வளராதோ ஐயா?" இரண்டு கோடும் ஒரே விகிதத்தில் ஒன்றரை மடங்கு. மூன்றாவது மட்டும் வளரவில்லை, வளர்ந்த மாட்டில் சுட்டபடியால். பொருந்தாததுதான் சாட்சி.

இந்த இடத்தை எழுதும்போது எனக்குச் சிலப்பதிகாரம் ஞாபகம் வருவதைத் தடுக்க முடியவில்லை. தமிழில் முதல் துப்பறிந்தவள் கண்ணகிதான் என்று அரைவிளையாட்டாகச் சொல்வேன். களவுக் குற்றச்சாட்டு, தவறான தீர்ப்பு, சபையில் உடைத்துக் காட்டிய சான்று: அரசியின் சிலம்பில் முத்து, தன் சிலம்பில் மாணிக்கம். வழக்கு வென்றது. பிறகு மதுரை எரிந்தது. எரித்துவிட்டு வந்தவள் கோபம் ஆறத் தங்கிய பத்தாவது இடம் முல்லைத்தீவின் வற்றாப்பளை என்பது இங்கத்தைய ஐதீகம். கிழவி உருவில் வந்தவளுக்கு மாடு மேய்க்கும் பெடியள் எண்ணெய் இல்லாமல் கடல்நீரில் விளக்கேற்றினார்களாம். இன்றும் வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீரில்தான் விளக்கு எரிகிறது.

வகுப்பறையில் எதுவும் எரியாது, எரியவும் கூடாது. இந்த இரண்டு குடும்பமும் நாளைக்கு ஒரே வாய்க்காலில் தண்ணீர் கட்டவேண்டும். அந்தத் தம்பியையும் முழுக் களவாளி என்று சொல்லமுடியாது. அவனுடைய மாமனார் பன்னிரண்டு மாட்டை அவிழ்த்துவிட்டு ஓடியவர், ஒன்றும் திரும்பி வரவில்லை. காட்டில் கண்டதில் ஒன்றையாவது தன்னுடையதாக்கினால் என்ன என்று நினைத்திருக்கிறான்.

அதைவிடப் பெரிய முடிச்சு காகிதத்தில் இருக்கிறது. மாடு யாருடையது என்று சபை எழுதவேண்டும். மகனுடையது. மகன் எங்கே? 2010இல் வந்த சட்டப்படி காணாமற்போனவருக்கு மரணச் சான்றிதழ் எடுக்கலாம். எடுத்தால் தாய் உரித்தாளி, மாடு இன்றைக்கே வீட்டுக்கு வரும். அதற்கு மகன் செத்துவிட்டான் என்று தாய் கையெழுத்துப் போடவேண்டும். பல தாய்மார் போடவில்லை. அப்படிப் போடாதவர்களுக்காகவே 2016இல் சட்டத்தைத் திருத்தி, ஆள் காணாமற்போயிருக்கிறார் என்று மட்டும் சொல்லும் சான்றிதழைக் கொண்டுவந்தார்கள். கதை நடப்பது அதற்கு இரண்டு வருடம் முந்தி. கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் 2017 பெப்ரவரி 20இல் தாய்மார் காணாமற்போன பிள்ளைகளின் படங்களோடு இருக்கத் தொடங்கியதும் இன்னும் நடக்காத காலம்.

ஆகவே இந்த அம்மாவுக்கு முன்னால் இருப்பது ஒரு மாடும் ஒரு கையெழுத்தும்தான். மாட்டைப் பார்க்கிறார். கன்றாக இருந்தபோது தான் பிடித்துக்கொண்டிருக்க மகன் சுட்ட குறி. "எனக்கு மாடு வேண்டாம்" என்கிறார். "அவன்ரை மாடு எண்டு மட்டும் சொல்லுங்கோ, காணும்."

மத்தியஸ்த சபையிடம் அப்படி எழுத ஒரு படிவம் இல்லை. நடுவில் இருந்த பழைய அதிபர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். துடைத்துக்கொண்டே இருக்கிறார். மாடு இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், தீனியும் தண்ணீரும் தம்பி பார்க்கட்டும், கன்று அவனுக்கு என்று வாய்ப்பேச்சில் முடிகிறது. பாலைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை ஆறரைக்குத் தம்பி இரண்டு கானோடு வருகிறான். பாலக்கா முதல் கானை அளந்து அவன் பெயருக்கு நேரே மூன்று லீற்றர் என்று எழுதுகிறார். இரண்டாவதை ஊற்றி, மானி ஆடி நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறார். பிறகு கொப்பியின் அடியில், கடைசிப் பெயருக்குக் கீழே, புதிதாக ஒரு கோடு இழுத்து அந்த அம்மாவின் மகனுடைய பெயரை முழுவதாக எழுதுகிறார். இரண்டு லீற்றர். மானி 29.